தாயின் எடை

— அந்தப் பக்கத்தக் கிழிச்சிடுங்க, பட்டு அம்மா.

— எந்தப் பக்கம் சிஸ்டர்?

— வார்டு வாசல்ல நூல் கட்டித் தொங்குதே, கருத்து எழுதுற நோட்டு. அதுல இன்னைக்குக் காலைல நீங்க எழுதின பக்கம்.

— அடக் கடவுளே, அதுக்குள்ள படிச்சிட்டீங்களா? எழுத்து கோணலா இருக்குன்னு சொல்றீங்களா? மடியில வெச்சு எழுதினேன் சிஸ்டர், அதான்.

— எழுத்து நல்லாத்தான் இருக்கு. எழுதின விஷயம்தான் சரியில்ல.

— அப்படி என்ன எழுதிட்டேன்? "இந்த சிஸ்டர் மனுஷி இல்ல, தெய்வம். என் மக இன்னைக்கு மூச்சு விடுறான்னா அது இவங்க குடுத்த மூச்சு." சத்தியமா ஒவ்வொரு எழுத்தும் உண்மை. இன்னும் நாலு வரி எழுதியிருப்பேன், பேனா மக்கர் பண்ணிடுச்சு.

— அந்தப் பேனாவுக்காவது புத்தி இருந்திருக்கு.

— போங்க சிஸ்டர். உங்களப் புகழ்ந்தா உங்களுக்குப் பிடிக்காதுன்னு வார்டுக்கே தெரியும்.

— பட்டு எங்க?

— அவங்க அப்பா தோள் மேல. வராந்தாவுல மீன் தொட்டி பாக்கப் போயிருக்கா. நாத்தனாரும் கூடப் போயிருக்காங்க. வீட்டுக்குப் போறோம்னு சொன்னதுல இருந்து பொம்மைக்கும் செருப்பு வேணும்னு ஒரே அழிச்சாட்டியம். பொம்மை கையில நீங்க ஒட்டின பிளாஸ்திரிய ஒருத்தரையும் தொட விடல.

— இன்னுமா பிய்க்காம வெச்சிருக்கா?

— பிய்க்கிறதா! "மூணு எண்ற வரைக்கும் வலிக்கும் பாப்பா, அப்புறம் போயிடும், சிஸ்டர் அத்தை சொன்னாங்க"ன்னு பொம்மைக்குப் பாடம் நடத்துறா. எனக்கு அதுதான் சிஸ்டர் ஆச்சரியம். எல்லாரும் "வலிக்கவே வலிக்காது கண்ணு"ன்னு சொல்லிட்டுத்தான் குத்துவாங்க. நீங்க ஒருத்தங்கதான் வலிக்கும்னு சொல்லிட்டுக் குத்துறீங்க.

— பொய் சொல்லிக் குத்தினா அடுத்த தடவ கைய ஒளிச்சு வெச்சுக்குவாங்க. உண்மையச் சொன்னா அழுதுக்கிட்டேயாவது நீட்டுவாங்க. பதினாலு வருஷத்துல நான் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்.

— எப்படித்தான் பாக்குறீங்களோ இந்த வேலைய. என் புள்ள ஒருத்திய வெச்சே எனக்கு நாக்கு தள்ளுது. நீங்க இருபது புள்ளைங்கள வெச்சுக்கிட்டு. வந்த அன்னைக்கே உங்க மணிக்கட்ட வேற கடிச்சு வெச்சா. இன்னும் தடம் இருக்கா?

— இருக்கு. அது மறைஞ்சிடும். போன மாசம் பஸ்ல ஒரு பையன், நாலு வயசு இருக்கும், என்னைப் பாத்ததும் "ஊசி, ஊசி"ன்னு அலறிட்டான். பஸ்ஸே என்னைப் புள்ள புடிக்கிறவளப் பாக்குற மாதிரி பாத்துச்சு. எங்க ஒளியிறதுன்னு தெரியல. இறங்கும்போது அவனே திரும்பிக் கையாட்டிட்டுப் போனான். அந்த ஒரு கையாட்டல வெச்சுக்கிட்டு ஒரு மாசம் ஓட்டிடலாம்.

— பாத்தீங்களா. இதத்தான் நான் எழுதினேன்.

— பட்டு அம்மா, கதவச் சாத்திட்டு வந்து இந்த ஸ்டூல்ல உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— என்ன சிஸ்டர்? டிஸ்சார்ஜ் இல்லையா? பட்டுவுக்கு ஏதாவது...

— பட்டுவுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கா. இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம். நான் சொல்ல வந்தது என்னைப் பத்தி.

— கண்ணெல்லாம் சிவந்திருக்கு. அழுதீங்களா?

— கேளுங்க. பட்டு அன்னைக்கு அவ்வளவு மயக்கமாக் கிடந்தாளே, மூச்சு மெதுவாகி, ஆக்சிஜன் வெச்சு, தீவிர சிகிச்சை ரூமுக்குத் தூக்கிட்டு ஓடினோமே. அது ஏன்னு டாக்டர் என்ன சொன்னார்?

— சில புள்ளைங்களுக்கு அந்த வலிப்பு மருந்து கொஞ்சம் கூடுதலாப் பிடிக்கும்னு சொன்னார். உடம்பு வாகு அப்படின்னார். அது முடிஞ்ச கதை, இப்ப எதுக்கு சிஸ்டர்?

— உடம்பு வாகு இல்ல. மருந்து அளவு கூடிப்போச்சு. மூணுல ஒரு பங்கு கூட.

— என்ன சொல்றீங்க?

— பெரியவங்களுக்குன்னா ஒரு மாத்திரை, ரெண்டு மாத்திரைன்னு குடுத்திடுவாங்க. குழந்தைங்களுக்கு அப்படி இல்ல. எத்தன கிலோ இருக்காங்களோ அதப் பெருக்கித்தான் மருந்து. அதனால இந்த வார்டுல எது தப்பினாலும் எடை மட்டும் தப்பக் கூடாது. பட்டுவோட எடைய நான் பதினாறு கிலோன்னு எழுதினேன். இன்னைக்குக் காலைல அவளே தனியா மெஷின் மேல ஏறி நின்னா, பொம்மைய என் கையில குடுத்துட்டு. பன்னெண்டு காட்டுச்சு.

— காய்ச்சல்ல இளைச்சிருப்பா.

— மூணு நாள்ல நாலு கிலோ எங்கம்மா போகும்? அரை கிலோ போகலாம், முக்கா கிலோ போகலாம்.

— அந்த மெஷினே ஒரு மாதிரிதான் இருக்கு. நானே பாத்தேன், ஏறி நின்னா நம்பர் ஓடிக்கிட்டே இருக்கு. விடுங்க சிஸ்டர். புள்ள நல்லா ஆயிட்டா. எடை, மெஷின், இதெல்லாம் இப்ப எதுக்கு?

— விட முடியாது. கேளுங்க. அன்னைக்கு எப்படி எடை பாத்தேன்னு ஞாபகம் இருக்கா?

— எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. புள்ளைக்கு வலிப்பு வந்து, கண்ணு மேல சொருகி, நான் எந்த நெலமைல இருந்தேன்.

— அவ மெஷின் மேல நிக்கவே மாட்டேன்னுட்டா. அப்படி நிக்காத குழந்தைங்களுக்கு ஒரு வழி வெச்சிருக்கோம். முதல்ல அம்மா குழந்தையத் தூக்கிக்கிட்டு ஏறணும். அடுத்து குழந்தைய வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு அம்மா மட்டும் ஏறணும். ஒண்ணுல இருந்து இன்னொண்ணக் கழிச்சா குழந்தையோட எடை. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஏறினப்ப எழுபத்துநாலு காட்டுச்சு. பட்டு உங்க கழுத்தக் கட்டிக்கிட்டு இறங்கவே இல்ல. வெளிய இன்னும் ரெண்டு குழந்தைங்க காத்துக்கிட்டு இருந்தாங்க, ஒண்ணுக்கு நெருப்பாக் கொதிக்குது. நான் என்ன பண்ணேன் தெரியுமா?

— தெரியாது.

— உங்களத் தனியா ஏறச் சொல்லல. "உங்க எடை எவ்வளவும்மா?"ன்னு கேட்டேன். அம்பத்தெட்டுன்னீங்க. எழுதிட்டேன். எழுபத்துநாலுல அம்பத்தெட்டு போனா பதினாறு. அதோட நிக்கல. அந்தத் தாள்ல "தாயின் எடை"ன்னு ஒரு கட்டம் இருக்கு. பக்கத்துலயே "கருவியில் பார்த்தது"ன்னு இன்னொரு கட்டம். அதுல டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். பாக்காததப் பாத்தேன்னு எழுதியிருக்கேன். அந்தக் கையெழுத்த நம்பித்தான் டாக்டர் மருந்து எழுதினார். குழந்தைங்ககிட்ட ஊசி வலிக்காதுன்னு ஒரு பொய் சொல்ல மாட்டேன்னு ஊரெல்லாம் பெருமை பேசுவேன். நான் குழந்தைக்கு எழுதின பொய் இது.

— அப்படின்னா... என் புள்ளைய அந்த நெலமைக்கு ஆளாக்கினது நீங்க.

— ஆமா.

— அவ மூச்சு மெதுவாகுதுன்னு முதல்ல பாத்து டாக்டர்கள ஓடிவர வெச்சதும் நீங்கதானே! நான் உங்க காலத் தொட்டுக் கும்பிட்டேனே!

— அப்ப எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. இன்னைக்குக் காலைல மெஷின்ல பன்னெண்டப் பாத்த பிறகுதான் தெரிஞ்சது. உடனே டாக்டர்கிட்டயும் பெரிய சிஸ்டர்கிட்டயும் சொல்லிட்டேன். வீட்டுல குடுக்க வேண்டிய மருந்துக்கு அளவ மாத்தி எழுதியாச்சு. அதப் பத்தி நீங்க பயப்பட வேண்டாம்.

— பயப்பட வேண்டாமா? முதுகுல ஊசி போட்டாங்களே, அது? ஏன் இப்படி மயங்கிக் கிடக்கான்னு யாருக்கும் புரியாம, மூளைக் காய்ச்சலா இருக்குமோன்னு முதுகெலும்புல ஊசி குத்தி நீர் எடுத்தாங்களே! நாலு பேரு புடிச்சு வளைச்சாங்க அந்தப் பிஞ்ச. என்னை வெளிய நிக்க வெச்சிட்டாங்க. அந்த மயக்கத்துலயும் "அம்மா"ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு சிஸ்டர். ஒரே ஒரு தடவ. அது இன்னும் என் காதுல இருக்கு.

— அந்த ஊசி தேவையே இருந்திருக்காது. எடை தப்புன்னு தெரிஞ்சிருந்தா மருந்து இறங்குற வரைக்கும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்திருப்பாங்க, அவ்வளவுதான். காலைல இருந்து நான் நினைச்சுக்கிட்டே இருக்கிறது அதத்தான்.

— நினைச்சுக்கிட்டா ஆச்சா? உங்க நினைப்ப வெச்சு நான் என்ன பண்ணட்டும்? ரெண்டு நிமிஷம், சிஸ்டர்! ரெண்டு நிமிஷம் என்னை ஏத்தி நிறுத்தியிருக்கக் கூடாதா?

— நிறுத்தியிருக்கணும்.

— படிச்சவங்கதானே? வெள்ளை உடுப்பு போட்டிருக்கீங்கதானே? ஒருத்தி வாய்ல வந்ததச் சொன்னா அத அப்படியே எழுதிக்குவீங்களா?

— உங்க மேல எந்தத் தப்பும் இல்ல பட்டு அம்மா. எப்பவோ பாத்த எடையா இருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடி பாத்ததக்கூட சிலர் சொல்லுவாங்க. எந்தத் தாயக் கேட்டாலும் அந்த நேரத்துல சரியாச் சொல்ல வராது. அதனாலதான் கேக்காம பாக்கணும்னு விதியே இருக்கு. மீறினது நான்.

— எனக்கு விதி எல்லாம் சொல்லாதீங்க! நான் அந்த நோட்டுல எழுதினதக் கிழிக்கச் சொன்னீங்களே, கிழிக்கிறேன். கிழிச்சிட்டு வேற எழுதுறேன். ஊரே படிக்கட்டும்.

— எழுதுங்க. நானே பேனா தரேன்.

— ஏம்மா, சத்தம் வராந்தா வரைக்கும் கேக்குது. உள்ள வரலாமா? சொல்லிட்டியா நீ?

— வாங்க மேடம். அவங்ககிட்ட சொல்லிட்டேன்.

— முழுசா?

— முழுசா. கையெழுத்து போட்டது வரைக்கும்.

— ஆகட்டும். அம்மா, நான் இந்த வார்டுக்குப் பெரிய சிஸ்டர். நீங்க என்ன திட்டுறதா இருந்தாலும் என்னையும் சேத்துத் திட்டலாம். என் வார்டுல நடந்தது எனக்கும் தலைகுனிவுதான். இவ இன்னைக்குச் சொல்லாம இருந்திருந்தா எங்களுக்கு யாருக்கும் தெரிஞ்சே இருக்காது. அத வெச்சு மன்னிச்சிடுங்கன்னு கேக்க வரல. நீங்க புகார் எழுதணும்னா தாள் நான் தரேன். ஆனா அதுக்கு முன்னாடி உங்களால ஒரு உதவி ஆகணும்.

— என்னாலயா?

— இந்த மெஷின் மேல ஒரு தடவ ஏறி நிக்கணும். தனியா.

— எதுக்கு?

— சொல்றேன். இவ தப்பு பண்ணிட்டா, அது ஒரு பக்கம். ஆனா எந்த நம்பர் தப்புன்னு எனக்கு இன்னும் தெரியல. முந்தா நாள் இந்த மெஷினுக்கு பேட்டரி மாத்தினாங்க. இப்ப சரியாக் காட்டுது, பக்கத்து வார்டு மெஷினோட ஒப்பிட்டுப் பாத்துட்டேன். மாத்துறதுக்கு முன்னாடி சரியாக் காட்டுச்சாங்கிறதுதான் கேள்வி. உங்க எடை நிஜமாவே அம்பத்தெட்டுன்னா, குழந்தை பன்னெண்டு, ரெண்டும் சேந்து எழுபதுதான் காட்டியிருக்கணும். எழுபத்துநாலு காட்டியிருக்குன்னா மெஷின் அன்னைக்குப் பொய் சொல்லியிருக்கு. புரியுதா?

— மெஷின்தான் தப்புன்னா சிஸ்டர் மேல பழி இல்லையா?

— பாக்காம கையெழுத்து போட்டது எப்படியும் பழிதான். ஆனா குழந்தைக்கு மருந்து கூடினது இவளாலன்னு ஆகாது. அதுவா முக்கியம் இப்ப? மெஷின் தப்புன்னா பேட்டரி மாத்துறதுக்கு முந்தின ரெண்டு நாள்ல அது மேல ஏறின ஏழு குழந்தைங்களும் சந்தேகம். ஏழு பேருக்கும் இப்ப மருந்து ஓடிக்கிட்டு இருக்கு.

— அஞ்சாம் பெட் பாப்பாவும் அதுல இருக்காளா?

— இருக்கா. அவளுக்குப் பதினோரு மணிக்கு மருந்து. இப்ப பத்தே முக்கால். அவளுக்கும் வலிப்புதான். உங்க எடை மட்டும் தெரிஞ்சா ஒரு நிமிஷத்துல முடிவு பண்ணிடலாம், குடுக்கலாமா வேண்டாமான்னு.

— அம்பத்தெட்டுதான். எழுதிக்கோங்க.

— சொன்னத எழுதினதாலதான்மா இவ்வளவும். இனிமே இந்த வார்டுல கண்ணால பாக்காம ஒரு எழுத்து எழுத மாட்டோம்.

— அப்ப நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா?

— நான் அப்படிச் சொல்லலையே.

— என் புள்ளைய அந்தப் பாடு படுத்தினது நீங்க. இப்ப என்னைக் குத்தவாளி மாதிரி மெஷின் மேல ஏத்தி நிறுத்தப் பாக்குறீங்க. நான் ஏற மாட்டேன். எங்க வீட்டுக்காரர் வரட்டும். கிளம்புறோம்.

— ஏறாட்டி நான் எல்லா மருந்தையும் நிறுத்திட்டு, ஏழு குழந்தைங்களையும் திரும்ப எடை பாத்து, டாக்டரக் கூப்பிட்டுத் திரும்பக் கணக்குப் போட வைக்கணும். அவர் இப்ப ஒரு குழந்தைக்கு ஆபரேஷன்ல கூட நிக்கிறார். ஒரு மணி நேரமாவது ஆகும். பரவாயில்ல, பண்ணித்தான் ஆகணும். உங்களக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்ல. ஏம்மா, நீ இங்கயே இரு. நான் போய் அஞ்சாம் பெட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன். அந்தத் தாய்கிட்ட என்ன சொல்றதுன்னு வேற தெரியல.

— சரி மேடம், நீங்க போங்க. தண்ணி குடிக்கிறீங்களா பட்டு அம்மா?

— வேண்டாம். அந்த அஞ்சாம் பெட் அம்மா நல்லவங்க. நான் ரெண்டு நாளா பல்லுகூட விளக்காமக் கிடந்தப்ப, "நான் பட்டுவப் பாத்துக்கிறேன், நீ போய்க் குளிச்சிட்டு வா"ன்னு அனுப்பினாங்க. திரும்பி வந்து பாக்குறேன், அவங்க புள்ளை ஒரு கையில, என் புள்ளை ஒரு கையில.

— கவனிச்சிருக்கேன்.

— ஒரு மணி நேரம் தாமதமானா அந்தப் பாப்பாவுக்கு மறுபடி வலிப்பு வருமா?

— வரலாம். வராமலும் போகலாம். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். பட்டு அம்மா, நான் இன்னொரு மன்னிப்பு பாக்கி வெச்சிருக்கேன். முன்னாடி சொல்லும்போது அத விட்டுட்டேன். வேணும்னே விட்டேன், வெக்கமா இருந்துச்சு.

— இன்னும் என்ன?

— அன்னைக்கு உங்க எடையக் கேட்டேன்னு சொன்னேன் இல்ல? எப்படிக் கேட்டேன்னு சொல்லல. இந்த ரூம் கதவு திறந்து கிடந்துச்சு. உங்க வீட்டுக்காரர் இங்க நின்னார். உங்க நாத்தனார் அங்க, கை கழுவுற தொட்டிக்குப் பக்கத்துல. நான் தாளப் பாத்துக்கிட்டே சத்தமாக் கேட்டேன். உங்க வீட்டுக்காரர் சொன்னார், "அதெல்லாம் கேக்காதீங்க சிஸ்டர், மெஷின் உடைஞ்சிடும்"னு. உங்க நாத்தனார் சிரிச்சாங்க.

— அவங்க எப்பவும் சிரிப்பாங்க. வீட்டுல எனக்குப் பேரே "மூட்டை"தான்.

— நானும் சிரிச்சேன். புள்ளைக்கு வலிப்பு வந்து துடிச்சு, அவள நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நீங்க நிக்கிறீங்க. உங்களச் சுத்தி மூணு பேர் நின்னு சிரிக்கிறோம். அதுல ஒருத்தி நான். குழந்தைங்க சட்டையக் கழட்டணும்னாகூட திரைய இழுத்துவிட்டுத்தான் கழட்டுவேன். மூணு வயசுக்குக்கூட மானம் உண்டுன்னு புதுசா வர்ற பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுப்பேன். அம்மாவுக்கும் அது உண்டுன்னு எனக்கு அன்னைக்குத் தோணல. தினமும் கை கழுவும்போது கடவுளே இந்தக் கையால யாருக்கும் நோகக் கூடாதுன்னு கேட்டுக்குவேன். வாயப் பத்திக் கேக்க மறந்துட்டேன் போல.

— நீங்க சிரிச்சத நான் கவனிக்கலன்னு நினைச்சேன்.

— கவனிச்சீங்க.

— ஆமா. கவனிச்சேன்.

— இப்ப பாருங்க. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுட்டேன். நம்பர் காட்டுற இந்தப் பெட்டி திரும்பும், சுவர் பக்கமாத் திருப்பி வெச்சிட்டேன். நீங்க இந்தப் பக்கம் ஜன்னலப் பாத்து நில்லுங்க. நான் குனிஞ்சு ஒரே ஒரு தடவ பாப்பேன். வாயால சொல்ல மாட்டேன். தாள்ல எழுதி மடிச்சுப் பெரிய சிஸ்டர் கையில குடுத்திடுவேன். உங்க வீட்டுக்காரர் கேட்டாலும், நாத்தனார் கேட்டாலும், அது ஆஸ்பத்திரி விஷயம்னு சொல்லிடுவேன். செருப்பக்கூடக் கழட்ட வேண்டாம், அதுக்குத் தனியாக் கழிச்சுக்கிறேன்.

— இவ்வளவு திட்டினேனே, உங்களுக்கு எம்மேல கோவமே வரலையா?

— கோவப்படுற எடத்துலயா நான் இருக்கேன்?

— அந்த மேசை மேல இருக்கிறது உங்க ரிப்போர்ட்டா?

— ஆமா.

— படிங்க.

— "குழந்தையின் எடையைக் கணக்கிடும்போது தாயின் எடையை நான் கருவியில் பார்க்கவில்லை. பார்த்ததாகக் குறித்துக் கையெழுத்திட்டேன். இதனால் மருந்தின் அளவு கூடியது. தேவையில்லாத ஒரு பரிசோதனையையும் குழந்தை தாங்க வேண்டி வந்தது. முழுப் பொறுப்பும் என்னுடையது." அவ்வளவுதான்.

— நான் அம்பத்தெட்டுன்னு சொன்னது அதுல எங்க?

— அத எழுதல.

— ஏன்?

— பாக்காம எழுதினது நான். அது யார் சொன்ன நம்பரா இருந்தா என்ன? கேட்டா உண்மையச் சொல்வேன். யாரும் கேக்காம உங்கள எதுக்கு அந்தத் தாள்ல இழுக்கணும்? ஒரு தாய் மூணு நாள் பட்டது போதும்.

— இதுக்கு உங்க வேலை போயிடுமா?

— தெரியல. போகலாம். கொஞ்ச நாள் குழந்தைங்க வார்டுல இருந்து எடுத்துட்டு வேற எங்கயாவது போடலாம். பெரியவங்க வார்டுல போட்டா யாரும் கடிக்க மாட்டாங்க.

— சிரிக்க வைக்காதீங்க சிஸ்டர்.

— நேரம் ஆகுது பட்டு அம்மா. அஞ்சாம் பெட்டுல மருந்த நிறுத்தப் போறாங்க. என் கையப் புடிச்சுக்கிட்டு ஏறுங்க. மெதுவா. கீழ பாக்க வேண்டாம்.

— நான் ஏற வேண்டியதில்ல சிஸ்டர், ஓடிப்போய் மருந்தக் குடுக்கச் சொல்லுங்க, மெஷின் சரியாத்தான் இருக்கு. என் எடை அறுபத்திரண்டு; அன்னைக்கு நீங்க கேட்டப்பவும் எனக்குத் தெரியும், முதுகுல ஊசி போடுறதுக்கு முன்னாடி அந்த டாக்டர் "பதினாறு கிலோதானா, நிச்சயமா?"ன்னு ரெண்டு தடவ என்னைக் கேட்டப்பவும் தெரியும், எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னார்னு நான்தான் ஆமான்னு தலையாட்டினேன்.